பசுப்பால் தாய்க்கு, தாய்ப்பால் பிள்ளைக்கு
(வேலைக்குத் திரும்பும் தாய்மாருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஒரு பாடம்)

காலபோக விதைப்பு முடிந்து களை பிடுங்கும் நாட்கள் வந்துவிட்டால் எமது கிராமங்களில் பெண்களுக்கு வேலை கூடிவிடும். வெங்காய நடுகை, மிளகாய் பிடுங்கல், கச்சான் கிண்டல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கூலிவேலை வரும். அந்த நாட்களிலேதான் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது: "பிள்ளைக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. மாட்டுப்பால் பழக்கினால் என்ன?"

இது அலட்சியத்தால் எழும் கேள்வி அல்ல. சொந்தக் காணியில் பயிர் செய்த காலத்தில், தாய் பிள்ளையையும் வயலுக்குக் கொண்டுபோவாள். மரக்கிளையில் ஏணை கட்டிக் கிடத்துவாள். பிள்ளை அழுதால் வரம்பில் ஏறிப் பால் கொடுப்பாள். வீட்டில் விட்டுப் போனாலும் அம்மம்மாவோ மாமியோ பக்கத்தில் இருப்பார்கள். 1990, 1995, 2009 என மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் காணியை மட்டும் இழக்கவில்லை. இந்த ஒழுங்கையும் இழந்தன. மீளக்குடியமர்ந்த பின்னரும் சொந்தக் காணி கைக்கு வராதவர்கள் பிறர் காணியில், பிறர் குறிக்கும் நேரத்துக்கு வேலை செய்கிறார்கள். கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாய்மாரின் நிலை இன்னும் கடினமானது.

எனவே பசுப்பாலைப் பற்றி மட்டும் பேசி இக்கேள்விக்கு விடை காண முடியாது. தாயின் வேலையைப் பற்றியும் வீட்டின் ஒழுங்கைப் பற்றியும் சேர்த்தே சிந்திப்போம்.

1. பசுப்பால் கன்றுக்கு உரியது

பசுப்பால் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கன்றின் வளர்ச்சிக்கு ஏற்றதாக அமைந்த பால். பிறந்த கன்றின் நிறை ஏறக்குறைய ஏழு கிழமையில் இரட்டிப்பாகிறது. மனிதக் குழந்தையின் நிறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஐந்து மாதம் செல்கிறது. வேகமாக வளரும் கன்றுக்கு வேண்டிய புரதமும் உப்புக்களும் பசுப்பாலில் அதிகம். 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் ஏறக்குறைய 1 கிராம் புரதம் உண்டு. அதே அளவு பசுப்பாலில் 3 கிராமுக்கு மேல் உண்டு. இந்த மேலதிகச் சுமையைக் கழித்து வெளியேற்றும் அளவுக்குச் சிறு குழந்தையின் சிறுநீரகம் முதிர்ந்திருப்பதில்லை. வெயில் காலத்திலும் வயிற்றோட்டம் வந்த வேளையிலும் உடலில் நீர் குறைந்து ஆபத்து ஏற்படலாம்.

இரண்டாவது, இரும்புச்சத்து. பசுப்பாலில் அது மிகக் குறைவு. இருக்கும் சிறிதளவையும் குழந்தையின் குடல் நன்றாக உறிஞ்சுவதில்லை. தாய்ப்பாலிலும் இரும்புச்சத்து சிறிதளவுதான். ஆனால் அது உடலில் நன்றாகச் சேர்கிறது. மேலும், சில குழந்தைகளில் பசுப்பால் குடலில் கண்ணுக்குத் தெரியாத சிறு இரத்தக் கசிவை உண்டாக்குகிறது. இதனால் பிள்ளை சோகை பிடித்து வெளிறிப்போகும். பார்வைக்குக் கொழுத்த பிள்ளையாக இருந்தாலும் சோகை இருக்கலாம். சோகை நீடித்தால் மூளையின் வளர்ச்சியும் பின்னடையும்.

மூன்றாவது, நோய் எதிர்ப்புச் சக்தி. தாய் வாழும் சூழலில் உள்ள கிருமிகளுக்கு எதிரான காப்பு தாய்ப்பாலோடு பிள்ளைக்குச் செல்கிறது. கிணறு தூரமாக உள்ள, மலசலகூடம் குறைந்த இடங்களில் வாழும் பிள்ளைகளுக்கு இந்தக் காப்பைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

ஆகவே பிள்ளை பிறந்ததிலிருந்து 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்க வேண்டும். 2 வயதுவரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் தொடரலாம். பசுப்பாலைக் குடிக்கும் பாலாகப் பழக்க ஏற்ற காலம் ஒரு வயது நிறைந்த பின்னரே.

முன்னர் பசுப்பாலில் தண்ணீரும் சீனியும் கலந்து பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். ஆனால் இரும்புச்சத்தும் விற்றமின்களும் அதனால் கூடப்போவதில்லை.

2. பால்மாவும் ரின்பாலும்

கடையில் பைக்கற்றில் விற்கும் முழு ஆடைப் பால்மா குழந்தைப் பால்மா அல்ல. அது காயவைத்த பசுப்பாலே. பசுப்பாலுக்குச் சொன்னவை எல்லாம் அதற்கும் பொருந்தும். இதை அறியாமல் 3 மாதப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு.

ரின்பாலில் பாதியளவு சீனி. அதை ஒருபோதும் குழந்தையின் பாலாகக் கொள்ளக்கூடாது. 1939ம் ஆண்டிலேயே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் சிங்கப்பூரில் ஆற்றிய உரையொன்றில், இனிப்பூட்டிய ரின்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விற்பதை வன்மையாகக் கண்டித்தார். பின்னர் 1981ல் உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது.

இடப்பெயர்வு நேரும்போதெல்லாம் நல்லெண்ணத்தோடு பால்மா பெட்டிகளைக் கொண்டு வருவோர் உண்டு. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்ட பின் இலவசமாகக் குழந்தைப் பால்மா கொடுக்கப்பட்டது. அதைப் பெற்ற வீடுகளின் சிறு பிள்ளைகளிடையே வயிற்றோட்டம், பெறாத வீடுகளில் இருந்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகக் காணப்பட்டது. பாலைக் கரைத்த தண்ணீரும், போத்தலும், சூப்பியும் நோயைக் கொண்டு வருகின்றன.

பணத்தையும் எண்ணிப் பார்ப்போம். 2022ல் பால்மாவுக்காக நாம் நின்ற வரிசைகளை யாரும் மறக்கவில்லை. விலை ஏறும்போது தாய் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறாள். பிள்ளை மெலிகிறது, கடைக் கொப்பியில் கடனோ ஏறுகிறது. நாட்கூலியின் பெரும் பங்கு பால்மாவுக்கே போய்விட்டால், வேலைக்குப் போனதன் பயன்தான் என்ன?

தாயின் கடும் நோய் போன்ற காரணங்களால் தாய்ப்பால் கொடுக்க இயலாத குழந்தைகளும் உண்டு. அந்நிலையில் வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ சொல்லும் குழந்தைப் பால்மாவை, சொல்லும் அளவில், கொதித்த தண்ணீரில் கரைத்து, கோப்பையால் ஊட்ட வேண்டும். அந்தத் தாயை எவரும் குறைகூறக்கூடாது.

3. பால் வற்றிவிட்டது என்று சொல்லலாமா?

"ஓடித்திரிந்து பயந்ததில் பால் வற்றிப்போனது" என்று பல தாய்மார் சொல்வார்கள். பயமும் துக்கமும் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பால் சுரப்பதை அவை நிறுத்திவிடுவதில்லை. அமைதியாக இருந்து மீண்டும் மீண்டும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் குடிக்கவிட்டால் பால் இறங்கும். குறைந்த உணவு உண்ணும் தாய்க்கும் பால் சுரக்கும்; அவளது சொந்த உடல்தான் தேயும்.

ஒரு விதியை மனதில் கொள்வோம்: எடுக்க எடுக்கவே பால் ஊறும். இறைக்காத கிணற்றின் ஊற்றுக்கண் தூர்ந்துபோவதைப் போல, குடிக்காத பால் குறைந்துபோகும். பகலில் போத்தல் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பின்னர் "பால் இல்லை" என்று சொல்லி இன்னொரு போத்தல் வரும். இவ்வாறுதான் பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோகிறது. நிறுத்திச் சில கிழமைகள் ஆனாலும், பிள்ளையை அடிக்கடி மார்பில் விட்டால் பால் திரும்பி வருவதுண்டு. குடும்பநல உத்தியோகத்தரின் உதவியை நாடுங்கள்.

வீட்டில் ஒரு பசு நின்றால் அதன் பாலை என்ன செய்வது? காய்ச்சித் தாய்க்குக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கிளினிக்கில் தாய்க்கெனத் தரும் திரிபோஷாவைத் தாயே உண்ண வேண்டும். வீட்டார் எல்லோரும் பங்குபோட்டுத் தீர்ப்பது முறையல்ல. பசுப்பால் தாய்க்கு, தாய்ப்பால் பிள்ளைக்கு: இதுவே இப்பாடத்தின் சாரம்.

4. வேலைக்குப் போகும் தாயின் ஒரு நாள்

நாலு மாதப் பிள்ளையின் தாய் ஒருத்தி காலை 6.30க்குக் களை பிடுங்கப் போய்ப் பகல் 1.30க்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 7 மணித்தியாலம். தாய் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய 30 முதல் 45 மில்லிலீற்றர் பால் தேவை என்று கணக்கிடலாம்.

பால் எடுக்கும் முறை: வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமை முன்பே பழகத் தொடங்குங்கள். சவர்க்காரமிட்டுக் கைகளை நன்றாகக் கழுவுங்கள். வாய் அகன்ற ஒரு பாத்திரத்தையும் மூடியையும் கொதிநீரில் இட்டு எடுங்கள். முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் ஒரு புறம் பெருவிரலையும் மறுபுறம் சுட்டுவிரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பின் இரு விரல்களையும் சேர்த்து அமத்தி விடுங்கள். நோகக்கூடாது. விரல்களைச் சுற்றி மாற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். இரு மார்பிலும் எடுத்து முடிக்க 20 முதல் 30 நிமிடம் செல்லும். முதல் நாட்களில் சில கரண்டி மட்டுமே வரும், மனந்தளர வேண்டாம்.

வைக்கும் முறை: எடுத்த பாலை மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது 4 மணித்தியாலம் கெடாது. எமது பகுதிகளின் பகல் வெப்பம் அதைவிட அதிகம். ஆகவே 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஈரமணலில் வைத்த மண்சட்டி சற்றுக் குளிர்ச்சி தரும். ஆனால் அதை நம்பி நேரத்தைக் கூட்ட வேண்டாம். குளிர்சாதனப்பெட்டி உள்ள அயல்வீடு இருந்தால் அதில் 4 நாள்வரை வைக்கலாம். பாலை அடுப்பில் சூடாக்கக்கூடாது. சுடுதண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்துக் குளிரை எடுத்தால் போதும். பிள்ளை குடித்து மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

இனி நேரத்தை ஒழுங்கு செய்வோம்.

அதிகாலை 5.30: ஒரு மார்பில் பிள்ளையைக் குடிக்கவிட்டு, மறு மார்பில் பால் எடுத்து வைத்தல்.
காலை 8.30க்கு முன்: அந்தப் பாலை அம்மம்மா கோப்பையால் ஊட்டுதல்.
காலை 10.00: தேநீர் இடைவேளையில் பிள்ளையை வயலருகே கொண்டுவந்து தாய் பால் கொடுத்தல். மிஞ்சிய பாலைச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வீட்டுக்கு அனுப்புதல்.
பகல் 12.00: அந்தப் பாலை ஊட்டுதல்.
பகல் 2.00: வீட்டுக்கு வந்து, குளித்து, பால் கொடுத்தல். மாலையும் இரவும் பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தல்.

இந்த ஒழுங்கில் 10 மணி இடைவேளையே அச்சாணி. அது இல்லாவிட்டால் அதிகாலையில் எடுத்த பால் எமது வெயிலில் மத்தியானம்வரை தாங்காது. அங்கேதான் மாட்டுப்பால் போத்தல் வீட்டுக்குள் வருகிறது. அரைமணி நேர இடைவேளைக்காகக் காணிக்காரரிடம் தாய் தனியே கேட்கத் தயங்குவாள். வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

ஊட்டும் முறை: போத்தலும் சூப்பியும் வேண்டாம். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரியுங்கள். பிள்ளை தானாகவே நக்கி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக்கூடாது, புரையேறும்.

வயலில் மருந்தடிக்கும் நாளில் பிள்ளையை அங்கே கொண்டுவரவே கூடாது. மருந்து பட்ட உடுப்போடும் கையோடும் பால் கொடுக்கவும் கூடாது. பாடசாலை போகும் மூத்த பிள்ளையை மறித்துக் கைக்குழந்தையைப் பார்க்க வைப்பதும் முறையல்ல. ஒரு பிள்ளையின் பாலுக்காக இன்னொரு பிள்ளையின் படிப்பை விலைகொடுக்கக்கூடாது.

5. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில்

6 மாதம் முடிந்ததும் தாயின் பாரம் சற்றுக் குறைகிறது; தாய் இல்லாத வேளையில் பிள்ளைக்கு உணவு கொடுக்கலாம். நன்கு குழைத்த சோற்றோடு பயறு அல்லது பருப்பு, மசித்த பூசணி, முருங்கையிலை, முட்டை, முள் நீக்கிய மீன், அவித்து மசித்த ஈரல் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விடலாம். இரும்புச்சத்து உடலில் சேர, பப்பாசி, தோடை போன்ற பழங்களும் உதவும். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்க வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு வயதுவரை தேனும் கொடுக்கக்கூடாது.

இவ்வயதில் காய்ச்சிய பசுப்பாலைச் சிறிதளவு உணவில் சேர்த்துக் குழைப்பதில் தவறில்லை. தயிரும் ஒரிரு கரண்டி கொடுக்கலாம். தாய்ப்பாலும் இல்லை, குழந்தைப் பால்மா வாங்கவும் வழியில்லை என்ற நிலை வந்தால், 6 மாதம் கடந்த பிள்ளைக்கு நன்கு காய்ச்சிய பசுப்பால் கொடுப்பதை 2023ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அனுமதிக்கிறது. ஆனால் அப்பிள்ளைக்கு ஈரல், மீன், முட்டை போன்ற இரும்புச்சத்துள்ள உணவு கட்டாயம் வேண்டும். கிளினிக்கிலும் சொல்லி ஆலோசனை பெறுங்கள்.

6. ஒரு வயதின் பின் பசுப்பால் பழக்கும் முறை

• பாலைப் பொங்கிவரக் காய்ச்சுங்கள். காய்ச்சாத பாலால் காசநோய், புரூசெல்லா போன்ற நோய்கள் மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றலாம். "கறந்த சூட்டோடு குடித்தால் பலம்" என்பது ஆபத்தான நம்பிக்கை.
• முதல் நாள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மட்டும், பகல் வேளையில் கொடுங்கள். சில நாட்கள் பிள்ளையைக் கவனித்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.
• தண்ணீர் கலக்க வேண்டாம், சீனி போட வேண்டாம், ஆடையை எடுக்க வேண்டாம்.
• கோப்பையிலேயே கொடுங்கள்.
• சாப்பாட்டுக்கு முன் கொடுக்காதீர்கள். பால் வயிற்றை நிரப்பினால் பிள்ளை சோறும் மீனும் உண்ணாது. ஒரு நாளைக்கு அரை லீற்றரைத் தாண்ட வேண்டாம்.
• காலையும் இரவும் தாய்ப்பாலைத் தொடருங்கள். பசுப்பால் துணைக்கு வருவது; தாய்ப்பாலின் இடத்தைப் பிடிக்க வருவது அல்ல.

பால் குடித்தபின் உடலில் தடிப்பு, தொடர்ந்து வாந்தி, மலத்தில் இரத்தம் என்பன கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வயிற்றோட்டம் வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜீவனி கரைத்துக் கொடுத்து, கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். மாதந்தோறும் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். நிறைக்கோடு மேலே ஏறினால் தாயின் பால் போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

7. இது தாயின் சுமை மட்டும்தானா?

சாமுவேல் முதல் நூலில் அன்னா என்ற தாயைச் சந்திக்கிறோம். ஆண்டுதோறும் குடும்பமாகச் சீலோவுக்குச் சென்று பலி செலுத்துவது அவர்களது வழக்கம். சாமுவேல் பிறந்தபின், பிள்ளை பால்மறக்கும்வரை தான் வரவில்லை என்று அன்னா கூறுகிறாள். கணவன் எல்கானா மறுக்கவில்லை. அவளுக்கு நல்லதெனப்படுவதைச் செய்யும்படி விட்டுவிடுகிறான். கடவுளின் இல்லத்துக்குப் போகும் பயணமே ஒரு குழந்தையின் பாலுக்காகக் காத்திருந்தது என்றால், எமது வயல்வேலையின் நேரம் அரைமணி காத்திருக்கக்கூடாதா?

எல்கானாவின் இடத்தில் இன்று தந்தையர் இருக்கிறார்கள். தண்ணீர் அள்ளுவதும் விறகு கொத்துவதும் மூத்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் ஆண்கள் செய்யக்கூடாத வேலைகள் அல்ல. தாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளைக்குப் பாலாகிறது.

ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தாய்மார் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1939ம் ஆண்டின் 32ம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒரு வேலைநாளில் இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். அன்றாடக் கூலிக்கு வயலுக்குப் போகும் தாய்க்கு இந்தப் பயன் கிட்டுவதில்லை. அவளுக்குச் சட்டம் தராததைக் கிராமம் தர வேண்டும்.

பங்குக் கோவில்களிலும் கூட்டங்களிலும் பால் கொடுக்கத் தாய்மார் வெட்கப்படத் தேவையில்லை. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு வழங்கியபோது, பசியால் அழும் பிள்ளைகளுக்கு அங்கேயே பால் கொடுக்கும்படி தாய்மாரை ஊக்கப்படுத்தினார்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களது தாய்மாரில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்? பகலில் பிள்ளைக்கு என்ன கொடுக்கப்படுகிறது?
2. பால்மாவுக்காக ஒரு மாதத்தில் ஒரு வீட்டில் செலவாகும் பணம் எவ்வளவு? அது எத்தனை நாட்கூலி?
3. வேலைக்குப் போகாத இரண்டு மூத்த தாய்மார், வயலுக்குக் கிட்டிய ஒரு வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்க முடியுமா? அவர்களுக்கு நாம் நெல்லாகவோ உழைப்பாகவோ என்ன கொடுக்கலாம்?
4. காலை 10 மணி இடைவேளைபற்றிக் காணிக்காரரோடு பேசப் போகிறவர்கள் யார்? எந்த நாளில்?

நான்காவது கேள்விக்கு ஆட்களின் பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு கூட்டத்தை முடியுங்கள். களை பிடுங்கும் காலம் தொடங்குமுன் அந்தப் பேச்சு நடந்தாக வேண்டும்.